புதுக்கோட்டையின் பாறைப் பாதைகளும் மிதிவண்டிப் பெண்களும்

பெருவழிகளுக்கு வரலாறு உண்டு. அதியமான் பெருவழி, ராஜகேசரிப் பெருவழி என்று பெயர் சூட்டிக் காதக்கல் நட்டும் பாறையில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். படை நடந்த பாதையும் வணிகச் சாத்து கடந்த பாதையும் கல்லில் ஏறிவிட்டன. விறகு சுமந்தவள், குடம் தூக்கியவள், ஆடு மேய்த்தவன் ஆகியோரின் பாதங்கள் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைக்கோ சாசனம் எதுவும் இல்லை. நடப்பவர் இருக்கும்வரை அது இருக்கும். நடப்பு நின்றால் இரண்டே மழைக்காலங்களில் புல் மூடிவிடும். அத்தகைய பாதைகளில் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓடிய சக்கரங்களைப் பற்றி எழுத விரும்புகிறோம். இடம், புதுக்கோட்டை மாவட்டம்.

மலை, காடு, மிதிவண்டி என்ற மூன்று சொற்களையும் சேர்த்துச் சொன்னால் இன்று பலருக்கும் நினைவில் வருவது மவுண்டன் பைக் என்னும் விளையாட்டுதான். அதன் பிறப்பிடமாக அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் வட்டாரத்தைச் சொல்வது வழக்கம். 1970களில் டமால்பைசு மலையைச் சுற்றி வாழ்ந்த இளைஞர்கள் சிலர், பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கனத்த சுவின் மிதிவண்டிகளை வாங்கி, அவற்றில் மலைமேலிருந்து மண்பாதை வழியே பாய்ந்து இறங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று முதல் போட்டி நடந்தது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரப் பிரேக்கிலிருந்த மசகு காய்ந்து புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக மசகு அடைக்க வேண்டியிருந்ததால், மீண்டும் அடைப்பது என்ற பொருளில் அந்தப் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயராயிற்று. 1977இல் ஜோ பிரீசு இதற்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயரில் தொழிற்சாலை வண்டி சந்தைக்கு வந்தது. 1990இல் உலகச் சாம்பியன் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் என்று அது வளர்ந்த கதை பலராலும் எழுதப்பட்டிருக்கிறது.

உலகச் சாம்பியன் போட்டி நடந்த 1990ஐ அடுத்து வந்த இரண்டு மூன்று ஆண்டுகளில், புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஏறினார்கள். அவர்கள் ஏறியதும் கனத்த பழைய வகை வண்டிதான். ஓட்டியதும் கல்லும் மணலும் கலந்த பாதையில்தான். இரண்டையும் ஒப்பிடுவது 'நாங்களே முந்தினோம்' என்று மார்தட்டிக்கொள்வதற்காக அன்று. ஒரே கருவி ஒரு நாட்டில் ஓய்வு நேரத்தின் களியாட்டமாகவும், இன்னொரு நாட்டில் ஓய்வே அறியாத வாழ்வின் உறுதுணையாகவும் ஆன விதம் சிந்திக்கத்தக்கது என்பதே எம் எண்ணம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கொல்லிமலையோ நீலகிரியோ போன்ற உயர்ந்த தொடர்கள் இம்மாவட்டத்தில் இல்லை. சமவெளியில் திடீரென எழும் மொட்டைப் பாறைக் குன்றுகள்தான் இங்கே மலைகள். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம், விராலிமலை என்று ஒவ்வொரு குன்றும் ஒரு வரலாற்று ஏடு. நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரம் நிற்கிறது. வணிகக் குழுவினர் தங்கிய நகரத்தார் மலையே நார்த்தாமலை ஆனது என்பது ஆய்வாளர் கொள்கை. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துச் சமணப் படுக்கைகளுக்குச் செல்வோர் பாறைச் சரிவில் வெட்டிய படிகளைப் பற்றி ஏற வேண்டும். அங்கே தமிழ்பிராமி எழுத்தும், கீழே குடைவரையில் ஓவியமும் உள்ளன. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு உலகறிந்தது. குன்றுகளுக்கிடையே வீரையும் காரையும் சூரையும் உசிலும் அடர்ந்த உலர் காடுகள், கோயில்காடுகள், செம்புறைமண் மேடுகள், 5,000க்கும் மேற்பட்ட கண்மாய்கள். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இக்காடுகளில் சில அரச வேட்டைக்கெனக் காக்கப்பட்டவை. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

இந்நிலத்தின் பாதைகளைப் பற்றிய மிகப் பழைய இலக்கியக் குறிப்பு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன், மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கு வழி சொல்கிறான். கொடும்பையின் நெடிய குளக்கரையை அடைந்தால் பாதை சூலம்போல் மூன்றாகப் பிரியும். வலப்பக்கத்து வழி சிறுமலையை ஒட்டியது. இடப்பக்கத்து வழி திருமால்குன்றத்தைக் கடப்பது. நடுவழியில் கானுறை தெய்வம் ஒன்று நின்று மயக்கும். கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர் என்பர். இருக்குவேளிரின் தலைநகராக விளங்கி, மூவர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். கண்ணகியின் அடிகள் கொப்பளித்த வழி புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வழியைக் கேட்டவன் ஆண், சொன்னவன் ஆண். நடந்து நோவுற்றவள் பெண்.

மிதிவண்டி இந்நிலத்துக்குப் பின்னால் வந்தது. இரண்டு சமச் சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட 'சேஃப்டி' வண்டியை 1885இல் ஸ்டார்லி உருவாக்கினார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. மேனாட்டில் அது பெண்களின் உடையையும் நடமாட்டத்தையும் மாற்றியது. பெண்ணுரிமைப் போராளி சூசன் ஆந்தனி 1896இல் அளித்த நேர்காணலில், பெண் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட மிதிவண்டியே அதிகம் செய்திருப்பதாகக் கருத்துத் தெரிவித்தார். நம் நாட்டில் அது நெடுங்காலம் இறக்குமதிப் பொருளாகவும், உத்தியோகஸ்தரின் அடையாளமாகவும் இருந்தது. 1949இல் முருகப்பா குழுமத்தார் ஆங்கிலேய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினர். ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.யும் அம்பத்தூரில் தயாராகித் தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்தன. அக்குடும்பத்தாரின் சொந்த ஊரான பள்ளத்தூர், புதுக்கோட்டையை அடுத்த செட்டிநாட்டுப் பகுதியில் இருப்பது ஒரு தற்செயல் பொருத்தம்.

வண்டி வந்தது; ஆனால் யார் ஏறலாம் என்ற கேள்வியும் கூடவே வந்தது. வாடகை சைக்கிள் கடையில் மணிக்கணக்குக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களின் நினைவுகள் தமிழில் ஏராளம். அவை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் நினைவுகள். தாழ்த்தப்பட்ட சாதியினர் ஆதிக்க சாதித் தெருவுக்குள் நுழையும்போது வண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகத்தின் பல கிராமங்களில் இருந்தது. பெண்ணுக்கு எழுதப்படாத தடை ஒன்று எல்லாச் சாதியிலும் இருந்தது. சேலை கட்டியவள் காலைத் தூக்கிப் போடுவதா என்ற ஏளனமும், பெண் தனியே எங்கே போகிறாள் என்ற ஐயமும் சேர்ந்து அந்தத் தடையைக் காத்தன. வண்டியின் விலை ஒரு தடை. பார்வை அதைவிடப் பெரிய தடை.

இதை உடைத்தது அறிவொளி இயக்கம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. 1990இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகம் தமிழகத்துக்குப் பரவி, 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு நிற்காமல் பெண்களின் நடமாட்டத்தையும் கல்வியின் பகுதியாகக் கொண்டார். மிதிவண்டி கற்பது பாடத்தோடு சேர்ந்தது. பெண்கள் வண்டி வாங்கக் கடன் தருமாறு வங்கிகளிடம் வற்புறுத்தப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பயிற்சிக்குப் பொறுப்பாளர் இருந்தார்கள். இயக்கத்தைச் சேர்ந்த முத்துபாஸ்கரன் இயற்றிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பாடப்பட்டது. தெருமுனை நாடகம், பாட்டு, இரவுப் பள்ளி ஆகியவற்றோடு மந்தைவெளியில் வண்டிப் பயிற்சியும் நடந்தது. கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குக் கற்றுத்தருவது வழக்கமாயிற்று. 1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அந்த ஆண்டு மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வண்டி ஓட்டி வந்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னர் இம்மாவட்டத்துக்கு வந்து எழுதிய கட்டுரைதான் இச்செய்தியை வெளியுலகுக்குக் கொண்டுசென்றது. அக்கட்டுரை 1996இல் வெளியான அவரது புகழ்பெற்ற நூலிலும் இடம்பெற்றது. பதினெட்டே மாதங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வண்டி ஓட்டக் கற்றனர் என்றும், பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால் மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் என்றும் அவர் கணக்கிட்டார். அவர்களில் 70,000 பேர் போட்டிகளிலும் பொதுக் காட்சிகளிலும் பலர் பார்க்க ஓட்டியவர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து பழகியது போதும், எல்லோரும் காணட்டும் என்ற துணிவு அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது.

அந்த வண்டியைச் சற்று உற்றுப் பார்ப்போம். 28 அங்குலச் சக்கரம், இரும்புச் சட்டம், ஏறத்தாழ 20 கிலோ எடை. கியர் கிடையாது, அதிர்வு தாங்கும் ஏற்பாடும் கிடையாது. மெல்லிய டயர் மணலில் புதையும், செம்புறைக் கல்லில் துள்ளும், மழைக்குப் பின் கண்மாய்க் கரைக் களியில் வழுக்கும். இத்தகைய பாதையில் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இறக்கத்தில் கம்பிப் பிரேக்கை நம்ப முடியாமல் காலை ஊன்ற வேண்டும். மரின் வட்டாரத்து இளைஞன் அகன்ற டயர் தேடியதும், பிரேக்கை மாற்றியதும், கியர் பொருத்தியதும் இத்தொல்லைகளைத் தீர்க்கத்தான். புதுக்கோட்டைப் பெண்ணுக்கு அவற்றை மாற்றும் வசதி இல்லை. அவள் மாற்றியது தன் உடலின் சமநிலையை. கேரியரில் ஒரு சுமை, கைப்பிடியில் ஒரு குடம், முன்கம்பியில் ஒரு குழந்தை என்று எடையைப் பங்கிட்டு அந்தப் பாறைப் பாதையில் சென்றாள்.

'லேடீஸ் சைக்கிள்' விற்பனை ஓராண்டில் 350 சதவீதம் கூடியதாக ஒரு கடைக்காரர் சொன்னதைச் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் பல பெண்கள் விரும்பி வாங்கியது ஆண்கள் ஓட்டும் வண்டியைத்தான். முன்கம்பி இருந்தால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். பெண்ணின் உடைக்கென்று வடிவமைத்த வண்டியைப் பெண்ணின் வாழ்க்கை ஏற்றுக்கொள்ளவில்லை.

இதனால் என்ன கிடைத்தது? முதலில் நேரம். பேருந்துக்குக் காத்திருந்து, இறங்கி, மறுபடி நடந்து கழித்த பொழுது மீந்தது. பொரியோ காய்கறியோ விற்பவர் ஓர் ஊருக்குப் பதில் நான்கு ஊர் போய்வர முடிந்தது. அறிவொளியின் மைய ஒருங்கிணைப்பாளராக இருந்த கண்ணம்மாள், நான்கு கிலோமீட்டர் சென்று குழந்தைகளோடு தண்ணீர் எடுத்துவரும் பெண்களைக் குறிப்பிட்டு, தன்னம்பிக்கையே இதன் தலையாய பலன் என்றார். தந்தையோ கணவனோ கொண்டுவிடும்வரை காத்திருந்த பெண், தானே புறப்பட்டாள்.

மிதிவண்டியோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று கல்குவாரி. அதே காலத்தில் மாவட்ட நிர்வாகம் பல கல்குவாரிகளின் குத்தகையைப் பெண்கள் குழுக்களுக்கு வழங்கியது. குடுமியான்மலைப் பகுதி அதற்குப் பெயர்பெற்றது. கொத்தடிமைகளாகக் கல்லுடைத்தவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். கணக்குப் பார்க்க எழுத்து வேண்டும். அலுவலகத்துக்கும் குவாரிக்கும் போய்வர வண்டி வேண்டும். எழுத்து, வண்டி, கல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு தொடர்ந்தது. மிதிவண்டி ஓட்டிய பெண்கள் கேட்ட இழிசொற்களுக்கும் கணக்கில்லை. பெண்ணின் சக்கரத்துக்கு எதிரான ஏளனத்துக்கு அடியில் கூலியும் குத்தகையும் ஒளிந்திருந்தன என்றே எண்ணத் தோன்றுகிறது.

இயக்கத்தின் அலை ஓய்ந்தது. ஆட்சியர் மாறினார், வங்கிக் கடனின் வேகம் குறைந்தது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் இணைந்து 1996இல் வெளியிட்ட நூல் இவ்வியக்கத்தை விரிவாக ஆராய்ந்தது. எழுத்து மறப்பதுண்டு, பயிற்சி விட்டுப்போவதுண்டு. ஆனால் மிதிவண்டி ஓட்டும் வித்தை உடலில் தங்கிவிடும். ஊர்க் கண்களும் பழகிவிட்டன. ஓட்டுகிற பெண்ணைப் பார்த்து வியக்காத ஊர் ஒன்று உருவாகிவிட்டால், பின்னோக்கிச் செல்வது கடினம்.

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மேல்நிலை மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பிறகு அதை ஏனைய மாணவ மாணவியருக்கும் விரித்தது. 2006இல் பீகார் மாநிலம் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மிதிவண்டித் திட்டம் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட கட்டுரையில், தகுந்த வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததையும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததையும் காட்டினர். புதுக்கோட்டை அனுபவமே இவற்றுக்கு நேரடி வித்து என்று நிறுவ நம்மிடம் ஆவணம் இல்லை. மந்தைவெளியில் பெண்கள் காட்டிய உண்மையைப் புள்ளிவிவரம் பிறகு வழிமொழிந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இனி அந்தப் பாதைகளுக்குத் திரும்புவோம். அவை எந்நிலையில் உள்ளன? பல கிராமங்களுக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது, வரவேற்கத்தக்கதே. சைக்கிளில் போன பெண்ணின் மகள் இன்று மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் போகிறாள், அதுவும் மகிழ்ச்சியே. ஆனால் காட்டுப் பாதைகளின் நிலை வேறு. வனத்தோட்டக் கழகம் வளர்த்த தைல மரங்கள் பழைய காடுகளின் பெரும்பரப்பை நிரப்பின. அவை நிலத்தடி நீரை உறிஞ்சுவதாகவும், கண்மாய்களுக்கு வரும் நீரைத் தடுப்பதாகவும் உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். தைலக் காட்டில் காரைப்பழம் இல்லை, சூரைப்பழம் இல்லை. ஆகவே அவற்றைத் தேடிப்போகும் பாதையும் இல்லை.

குன்றுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. கைச்சம்மட்டியின் இடத்தை வெடியும் எந்திரமும் பிடித்துவிட்டன. குன்று குறைகிறது, பள்ளம் ஆழ்கிறது, சாலையில் கல் லாரிகள் விரைகின்றன. 2025 ஜனவரியில் திருமயம் பகுதியில், சட்டவிரோதக் குவாரிகளுக்கு எதிராகப் புகார் கொடுத்துவந்த சமூக ஆர்வலர் ஒருவர் இருசக்கர வண்டியில் சென்றபோது லாரி மோதி இறந்தார். அது திட்டமிட்ட கொலை என வழக்குப் பதிவாகிக் கைதுகளும் நடந்தன. பாதையில் யார் அச்சமின்றிச் செல்லலாம் என்ற பழைய கேள்வி வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

மரின் வட்டாரத்திலும் பாதைச் சண்டை உண்டு. மிதிவண்டிகள் பெருகியபோது டமால்பைசு மலையின் குறுகிய நடைபாதைகளில் அவற்றுக்குத் தடை வந்தது. நடப்பவர், குதிரை ஏறுபவர், வண்டி ஓட்டுபவர் ஆகியோரிடையே நாற்பது ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு பாதைக்கும் பெயர் உண்டு, வரைபடம் உண்டு. முதல் போட்டியின் நேரக் கணக்குகூடக் காக்கப்பட்டு வருகிறது. நம் பக்கம் பாதையின் பெயர் வாய்வழக்கில்தான் உள்ளது. எந்தக் குன்றை எந்தப் பக்கமாகச் சுற்றிக் குவாரிக்குப் போனார்கள், எந்தக் கண்மாய்க் கரையில் விழுந்தெழுந்து பழகினார்கள் என்பது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

1992இல் இருபது வயதில் வண்டி ஏறியவருக்கு இன்று ஐம்பதைக் கடந்துவிட்டது. முப்பத்தைந்தில் ஏறியவர் எழுபதை எட்டிக்கொண்டிருக்கிறார். சித்தன்னவாசலின் ஓவியத்தைக் காக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. இந்த நினைவுகளைக் காக்க எந்தத் துறையும் இல்லை. புதுக்கோட்டையின் கல்லூரிகளும் எழுத்தாளர்களும் அம்மாவட்டத்து நம் வாசக நண்பர்களும் இதைச் செய்யலாம். ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் போதும். அத்தைமார்களிடமும் அம்மாக்களிடமும் உட்கார்ந்து, முதலில் எங்கே ஓட்டினீர்கள், எந்த வழியாகப் போனீர்கள், யார் சிரித்தார்கள், யார் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள் என்று கேட்க வேண்டும். சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.